திறந்த ஜீப்புக்குச் சீலை ஹூட்: பட்டம் ஏறாமல் தைக்கும் வழி

முதன்முதலாக நான் தைத்த ஜீப் ஹூட் ஒட்டுசுட்டான் தாண்டி மூன்று கிலோமீற்றர்கூடப் போகவில்லை. வீதி முல்லைத்தீவுப் பக்கம் நீட்டுக்குக் கிடந்தது, மாமா கொஞ்சம் மிதித்தார். தலைக்கு மேலே விண் (காற்றில் கூவும் நார்) பூட்டின பட்டம் மாதிரி ஒரு கூவல். பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் புதுக் கன்வஸ் சீலை ஒற்றை மூலையில் தொங்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் பறந்து வருகிறது. மாமா ஜீப்பை ஓரங்கட்டி இறங்கி, பிய்ந்துபோன ஐலெற் (கயிறு கோர்க்க அடிக்கும் உலோக வளையம்) ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “தம்பி, நீ ஹூட் தைக்கேல்லை. முச்சை இல்லாத பட்டமொண்டு தைச்சிருக்கிறாய்” என்றார். முச்சை என்பது பட்டத்தை இழுத்துப் பிடிக்கக் கட்டும் நூல்.

வெயிலை மறிக்க வீட்டிலிருக்கும் எந்தச் சீலையும் போதும். பாடு முழுக்கக் காற்றோடுதான். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது காற்று ஒரு சதுர மீற்றரை ஏறக்குறைய 4 கிலோ பாரத்தோடு தள்ளும். வேகம் 60 ஆனால் அது 8 ஆகாது, 17 ஆகும். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றும் சேர்ந்துவிட்டால் 39 கிலோவுக்கு வந்து நிற்கும். ஒரு ஜீப்புக்குத் தேவையான சீலையோ இரண்டரைச் சதுர மீற்றர். கணக்கை நீங்களே பாருங்கள். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வெட்டும் தையலும் காற்றை நினைத்துச் செய்வது. நிழல் தானாக வந்து சேரும்.

வில்லிஸ், பழைய மிற்சுபிசி, லாண்ட் ரோவர் என்று வன்னியில் இன்னும் வயலுக்கும் காட்டுக்கரைக்கும் ஓடுகிற திறந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான். அளவு மட்டும் மாறும்.

முதலில் கம்பியைப் பாருங்கள்

சீலை இரண்டு இடத்தில் பிடித்து நிற்க வேண்டும்: முன்கண்ணாடிச் சட்டம், சீற்றுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி. உருள்தடுப்புக் கம்பி பூட்டிய வண்டியென்றால் கம்பி தயார். இல்லாவிட்டால் பின்பெட்டியின் இரு கரையிலும் பழைய ஹூட் கம்பி பூட்டுகிற பிடிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். பல வண்டிகளில் பெயின்ற் அப்பி மறைந்து கிடக்கும். அவற்றுக்குள் நிற்கக்கூடியதாக ஒரு அங்குல ஜிஐ பைப்பை ‘ப’ வடிவில் வளைத்துத் தரச் சொல்லிக் கராச்சில் கேட்கலாம். வளைக்கும்போது பைப் நசியக்கூடாது. நசிந்த இடத்தில்தான் பிறகு முறியும்.

பைப்பை வண்டியோடு வெல்டிங் பண்ணுவதை நான் விரும்புவதில்லை. யூ போல்ற் போட்டு இறுக்கினால் நாளைக்குக் கழற்றலாம். வில்லிஸ் வகை ஜீப்பில் பெற்றோல் தாங்கி சாரதி சீற்றுக்கு அடியிலேயே இருக்கிறது; அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் பொறி பறக்க விடுவது மடைத்தனம். வெல்டிங் தவிர்க்க முடியாதென்றால் தாங்கியை இறக்கி வெளியே வைத்து, பற்றரி வயரையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. வளைத்துப் பூட்டின இந்தப் பைப்பும் சீலையும் வண்டி பிரண்டால் ஒருவரையும் காப்பாற்றாது. பிள்ளைகளை அதில் தொங்க விடாதீர்கள்.

எந்தச் சீலை

நீலத் தறப்பாளை எடுத்துக் கட்டினால் என்ன என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கட்டலாம், ஒரு கோடைக்கு. எங்கள் வெயில் அந்தப் பிளாஸ்ரிக் இழையைத் தின்றுவிடும். அடுத்த வருடம் விரலால் குத்தினாலே பொடியாகும். அதோடு ஓடும்போது படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது.

முச்சக்கர வண்டி ஹூட்டுக்குப் போடும் றெக்சின் மழைக்கு நல்லது. வெயிலுக்குச் சரிவராது. சூடேறி அந்தச் சூட்டைத் தலையிலேயே இறக்கும், மூச்சும் விடாது.

நாற்றுமேடைக்குக் கட்டும் நிழல்வலையை நான் கைபழகாதவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். 75 வீத நிழல் தருகிற வலை எடுங்கள். காற்றில் ஒரு பங்கு வலைக்கண்ணால் போய்விடுவதால் இழுவை குறைவு. பின்னல் வகையாகப் பார்த்து வாங்கினால் வெட்டின கரை நூல் நூலாகப் பிரியாது. குறை ஒன்றுதான், மழைக்கு உதவாது. முதல் ஹூட்டை வலையில் தைத்துப் பிழைகளையெல்லாம் அதிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதைக் கன்வஸில் தைப்பதுதான் மலிவான படிப்பு.

கன்வஸ் என்றால் சதுர மீற்றருக்கு 300 முதல் 400 கிராம் வரை வருவது தோதானது. அதற்கு மேலே போனால் வீட்டு மெசின் ஊசி முறியும். பருத்திக் கன்வஸைக் கடையிலிருந்து கொண்டுவந்த கையோடு வெட்டாதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் கொடியில் போட்டுக் காயவிட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கின பிறகு அளவெடுங்கள். இதைச் செய்யாமல் தைத்த ஹூட் முதல் மழையோடு முன்கம்பிக்கு எட்டாமல் போகும்.

நிறத்தில் பெரிய கதை இல்லை. வெள்ளை குளிர்ச்சிதான், ஆனால் கிரவல் பாதைப் புழுதிக்கு ஒரு கிழமையில் செங்கல் நிறமாகும். காக்கியோ மண்ணிறமோ வசதி. உருமறைப்புப் புள்ளி போட்ட சீலை மலிவாகக் கிடைத்தாலும் தொடவே வேண்டாம். அது படையினருக்கு உரியது, பொதுமக்கள் வைத்திருப்பது சட்டச் சிக்கல். எங்கள் பக்கத்தில் அதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை.

மாதிரி வெட்டுதல்

நேரே சீலையில் கத்தரி வைக்காதீர்கள். வெற்று யூரியாப் பைகள் நாலைப் பிரித்து, கரையோடு கரை ஒட்டி ஒரு பெரிய விரிப்பாக்குங்கள். உரப்பை இழுபடாது, அதனால் அளவு பொய் சொல்லாது. அதை ஜீப்பின் மேல் விரித்து, முன்சட்டத்திலும் பின்கம்பியிலும் கவ்வி போட்டு இழுத்துப் பிடித்து, வெண்கட்டியால் நாலு மூலையையும் குறியுங்கள்.

மாமாவின் ஜீப்பில் முன்சட்ட அகலம் 142 சென்ரிமீற்றர், முன்சட்டத்திலிருந்து பின்கம்பி 180. இதில் 180ஐ அப்படியே வெட்டியதுதான் என் முதல் பிழை. சீலை இழுபடும். இழுத்து இறுக்க இடம் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே தொய்யும். பின்கம்பிக்கும் சீலைக்கும் நடுவில் 10 சென்ரிமீற்றர் வெளி விட வேண்டும். மிச்சம் 170இல் இழுபாட்டுக்காக இன்னும் 4 கழித்தால் 166. இதோடு முன்னால் சட்டத்துக்கு மேலாக மடிந்து இறங்க 5, முன்கரையில் பைப் செருகும் உறைக்கு 12, பின்கரை மடிப்புக்கு 12 சேர்க்க 195 வருகிறது. அகலத்திலும் அதே இழுபாட்டுக்கு 3 கழித்து, இரு பக்கத் தையலுக்கு ஒன்றரை ஒன்றரை கூட்டினால் பழையபடி 142. சீலை 60 அங்குல அகலத்தில் கிடைத்தால் நடுவில் இணைப்பே வராது. பட்டிகளுக்கும் மூலைத் துண்டுகளுக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து 4 மீற்றர் வாங்குங்கள். மிஞ்சினால் வீணாகாது.

பக்கக் கரையை நேராக வெட்டாதீர்கள்

இந்த ஒரு இடத்தில் ஆறுதலாக நின்று வேலை செய்யுங்கள். ஜீப்பின் இரு பக்கத்திலும் சீலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன்மூலைக்கும் பின்மூலைக்கும் நடுவில் கரை சும்மா நிற்கிறது. அதை நேர்கோடாக வெட்டினால், மூலைகளை எவ்வளவு இழுத்தாலும் கரையின் நடு தொய்ந்தே இருக்கும். அந்தத் தொய்வைக் காற்று பிடித்துத்தான் படபடக்க வைக்கிறது. பட்டத்தில் விண்ணைக் கூவ வைப்பதும் இதுதான். நாங்கள் அதற்கென்றே நார் பூட்டுகிறோம், இங்கே தேவையில்லாமல் பூட்டி விடுகிறோம்.

கரையை உள்நோக்கி வளைத்து வெட்ட வேண்டும். நீளத்தில் 5 வீதம் என்பது என் கணக்கு: 180 சென்ரிமீற்றருக்கு நடுவில் 9 சென்ரிமீற்றர் உள்ளே. வளைந்த கரையின் இரு முனையையும் இழுக்கும்போது வளைவு நிமிரப் பார்க்கும். அப்படிப் பார்க்கையில் சீலையின் நடுவையும் சேர்த்து வெளியே இழுக்கும். முழுச் சீலையும் மேளத்தோல் போல விறைக்கும்.

வளைவைக் கையால் கீறினால் நெளியும். மாதிரியை நிலத்தில் விரித்து, இரு மூலையிலும் ஆணி அடித்து, மெல்லிய பிவிசி வயர் பைப் ஒன்றை அந்த ஆணிகளில் சாத்தி, நடுவில் 9 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளிப் பிடியுங்கள். பைப் தானாக ஒரு வளைவு எடுக்கும். அதன் கரையோடு வெண்கட்டியை ஓட விடுங்கள். மாதிரியை நடுவால் மடித்து மற்றப் பக்கத்தையும் அதே கோட்டில் வெட்டினால் இரு பக்கமும் ஒன்றாக வரும். இந்த மாதிரியை எறியாதீர்கள், சுருட்டிக் கூரை வளையில் செருகி வையுங்கள். அடுத்த ஹூட்டுக்கு அதுதான் முதல்.

வளைந்த கரையைச் சும்மா மடித்துத் தைத்தால் சுருக்கு விழும். அதே வளைவில் 6 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வேறு பட்டி வெட்டி, சீலையின் கரையோடு வைத்துத் தைத்து, கீழ்ப்பக்கம் திருப்பி மறுகரையையும் தையுங்கள். அந்தப் பட்டிக்குள்ளே 6 மில்லிமீற்றர் கயிறு ஒன்று ஓடட்டும். கயிற்றைச் சீலையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டாம், உள்ளே தாராளமாக நழுவ வேண்டும். பிறகு கரை தொய்ந்தால் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினாலே போதும். நான் தைத்த ஒரு ஹூட்டில் பட்டியை 4 சென்ரிமீற்றருக்குக் குறுக்கிவிட்டேன். கயிறு போக இடம் காணாமல், கொழுக்கி வளைத்த சைக்கிள் கம்பியால் ஒரு மணித்தியாலம் மாரடித்ததுதான் மிச்சம்.

தையலும் மூலைகளும்

நூல் பொலியெஸ்ரராக இருக்க வேண்டும். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும், சீலை இருக்கத் தையல் விடும். ஊசி 18ஆம் நம்பர். தையலடி 3 முதல் 4 மில்லிமீற்றர். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்துப் பொடித்தையல் போட்டீர்களென்றால் தபால் முத்திரைத் தாளைக் கிழிக்கிற மாதிரி அந்த வரியிலேயே கிழியும். எந்தக் கரையிலும் இரட்டைத் தையல்.

நாலு மடிப்பு சேரும் இடத்தில் கால்மெசின் முனகும். அங்கே மெழுகுதிரித் துண்டை எடுத்துத் தையல் வரியில் நன்றாகத் தேய்த்துவிட்டு, மிதிப்பதை நிறுத்தி, வலக்கையால் சில்லைச் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போங்கள். ஊசி மெழுகில் வழுக்கிக்கொண்டு இறங்கும். அம்மாவின் மெசினில் மூன்று ஊசி முறித்து, நாலாவது ஊசிக்கு முன் அவ காட்டித்தந்த வித்தை இது.

மூலையில் ஐலெற் மட்டும் அடித்து விட்டதால்தான் எனக்கு அன்றைக்குப் பறந்தது. ஐலெற் என்பது ஒரு ஓட்டைக்குக் கரை மட்டும். முழு இழுவையும் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றியுள்ள சில நூல்களில் போய் விழுகிறது. மூலைக்குச் செய்ய வேண்டியது வேறு. முக்கோணமாக இரண்டு துண்டு வெட்டி, ஒரு கரை 20 சென்ரிமீற்றர் வர, மூலையில் மேலும் கீழும் வைத்துத் தையுங்கள். பிறகு பழைய சீற் பெல்ற்றில் ஒரு சாண் துண்டை இரும்பு வளையத்துக்குள்ளால் விட்டு மடித்து, மூலையிலிருந்து சீலையின் நடுவை நோக்கிக் கோணலாக வைத்து, சதுரமாக ஒரு தையலும் அதற்குள்ளே குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறித் தையலும் போடுங்கள். இழுவை இப்போது ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். பழைய வாகனங்கள் கழற்றும் இடங்களில் சீற் பெல்ற் கேட்டால் கிடைக்கும். ஓரம் பிசிறின பெல்ற்றை எடுக்காதீர்கள்.

முன்கரை

காற்று உள்ளே புக வழி தேடுவது முன்கரையில்தான். கண்ணாடிச் சட்டத்துக்கும் சீலைக்கும் நடுவில் ஒரு விரல் வெளி இருந்தாலும் அதனால் புகுந்து சீலையை ஊதிப் பலூனாக்கும். முன்கரையில் உறை தைத்து அதற்குள் அரை அங்குலப் பைப்பை விடுங்கள். அந்தப் பைப் சட்டத்தின் உச்சியைத் தாண்டி முன்பக்கமாக 5 சென்ரிமீற்றர் கீழே இறங்கி நிற்க வேண்டும். வீட்டுக்கு முன்தாழ்வாரம் இறக்குவது போலத்தான். உறையில் ஐந்து இடத்தில் சின்ன வாய் வெட்டி, கரை தைத்து, அதனால் நைலோன் வாரை விட்டுப் பைப்பைச் சட்டத்தோடு இறுக்குங்கள். பைப் உரசுகிற இடமெல்லாம் சைக்கிள் ரியூப் துண்டு சுற்றிவிட்டால் கண்ணாடியும் வெடிக்காது, கிடுகிடு சத்தமும் இல்லை.

முன்கரையைக் கட்டி இறுக்க மட்டும் ரப்பர் எதுவும் பாவிக்காதீர்கள். இழுபடுகிற பொருள் முன்கரையில் இருந்தால் காற்று அதை இழுத்துத் தனக்கு வாசல் திறந்துகொள்ளும். வைப்பரையும் ஒருதரம் போட்டுப் பாருங்கள், பைப்பில் தட்டுகிறதா என்று. முன்கண்ணாடியை மடித்து வைத்து ஓடுகிற பழக்கம் உள்ளவர்கள், அப்படி ஓடும் நாளில் ஹூட்டைக் கழற்றிவிட வேண்டும்.

பின்கரை

பின்கரையை மூன்று மடிப்பாக மடித்துத் தைத்து 14 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் பத்துப் பித்தளை ஐலெற் அடியுங்கள். இங்கே ஐலெற் சரி. இழுவை பத்தாகப் பிரிகிறதே. பருத்திக் கன்வஸில் ஓட்டையைக் கத்தரியால் வெட்டாமல் குத்தூசியால் நூலை விலக்கித் திறந்தால் பிடி உறுதி. நிழல்வலை, பொலியெஸ்ரர் சீலை என்றால் பழுக்கக் காய்ச்சின ஆணியால் சுட்டுத் துளையிடுங்கள், கரை உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஒரே நீளக் கயிற்றை ஐலெற்றுக்கும் கம்பிக்குமாகச் சுற்றிச் சுற்றிக் கட்டில் கயிறு பின்னுகிற மாதிரிப் பின்னிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு ஐலெற்றுக்கும் தனிக்கயிறு கட்டினால் ஒன்று விறைக்க மற்றது தொய்யும். ஒரே கயிறென்றால் இழுவை தானே சமப்படும். பின்மூலை வளையங்கள் இரண்டுக்கும் மட்டும் சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலக் கீலமாக வெட்டி வைத்துக் கட்டலாம். பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது அது அதிர்ச்சியை வாங்கும். ரியூப்போடு பக்கத்தில் ஒரு நைலோன் கயிறும் காவலுக்குக் கிடக்கட்டும். வெயிலில் ரியூப் வெடிக்கும். சில மாதத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும்.

ஓடிப் பார்த்தல்

கட்டி முடிந்ததும் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் பின்னுக்கு இன்னும் இழுங்கள். பிறகு இன்னொருவரை ஓட விட்டு நீங்கள் பின்னால் இருந்து கரையைப் பாருங்கள். முதலில் 20, பிறகு 40, பிறகு 60. கூவினால் அந்தப் பக்கத்துக் கரைக்கயிறு தொய்வு. நடு மேலே உப்பினால் முன்கரையில் வெளி இருக்கிறது. சாரதிக்குப் பின்பார்வைக் கண்ணாடி மறைகிறதா, சிக்னல் லைற்றும் நம்பர் தகடும் தெரிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஓடிப் பார்க்கப் பழகின வீதியையே பிடியுங்கள். மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கிற இடங்களில் நிழல் தேடிப் பாதையை விட்டு இறங்குகிற வேலை வேண்டாம்.

புதுச் சீலை முதல் நாள் நிச்சயம் தொய்யும். அன்று பின்னேரமே ஒருதரம் இறுக்குங்கள்.

பின்னேர வெயில்

சித்திரை வருசத்தை ஒட்டின நாட்களில் மதியச் சூரியன் எங்களுக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் இன்னொருதரம் அப்படி வரும். அந்த நேரத்துக்கு மேற்கூரை போதும். நாலு மணி வெயில் பக்கத்தால் வரும். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் பின்னேரம் ஏ9 வீதியில் தெற்கே இறங்கினால் மேற்கு வலப்பக்கம், அதாவது சாரதியின் பக்கம். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் திரும்பினால் வெயில் நேரே முகத்தில்.

பக்கத்துக்கு நிழல்வலைத் துண்டு ஒன்றைச் சாரதியின் தோளுக்குப் பின்னால் மட்டும் தொங்க விடலாம். தோளுக்கு முன்னால் வந்தால் பக்கக் கண்ணாடி மறையும். முகத்து வெயிலுக்கு நான் இன்னும் நல்ல வழி காணவில்லை, தொப்பிதான் போடுகிறேன்.

மழை, பாலைப்பழம், குரங்கு

தட்டையாக விறைத்த சீலையில் மழைத்தண்ணீர் தங்கும். ஒரு சதுர மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 10 கிலோ. மழை வரும்போல இருந்தால் பின்மூலை ஒன்றின் கட்டைக் கொஞ்சம் இளக்கி விடுங்கள், அந்த மூலை பீலியாகும். ஐப்பசிக்குப் பிறகு கன்வஸ் ஹூட்டைக் கழற்றி வைப்பதே நல்லது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறுப்புப் புள்ளி பிறகு போகாது. புழுதியைக் காய்ந்தபடியே தும்புக்கட்டையால் தட்டி எடுங்கள். சவர்க்காரம் போட்டு உரஞ்சினால் புதுக் கன்வஸ் தண்ணீரைத் தாங்கும் தன்மையை இழந்துவிடும்.

பாலை பழுக்கிற காலத்தில் பாலைமரத்துக்குக் கீழே ஜீப்பை விடாதீர்கள். பழம் விழுந்து நசிந்தால் அந்தப் பால் பிசின் போல ஒட்டி, அதில் புழுதி பிடித்து, தோல்போல இறுகிவிடும். மாமரத்தடியில் முசுறு எறும்பு இறங்கும். குரங்குக்கோ விறைப்பாகக் கட்டின ஹூட் நல்ல துள்ளுமெத்தை. எங்கள் இரண்டாவது ஹூட்டில் விழுந்த முதல் கிழிசல் காற்றால் வந்ததல்ல, வளவுக்குள் வந்த ஒரு தாட்டான் குரங்கால் வந்தது. கிழிசலுக்கு மேலும் கீழும் ஒரு சாண் துண்டு வைத்து, மூலைகளை வட்டமாக வெட்டித் தைத்தேன். சதுர மூலை விட்டால் அங்கிருந்து திரும்பக் கிழியும். அதற்காகத்தான் மிஞ்சின கன்வஸ் துண்டையும், தடித்த ஊசி ஒன்றையும், பொலியெஸ்ரர் நூல் சுற்றின கட்டையையும் சீற்றுக்கடிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் மாமா வெட்டித் தந்த ரியூப் கீலம் நாலும் கிடக்கிறது.